திறந்திருக்கும் செவிகள்

புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சுப்பையா சாலையில் இருக்கிறது திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907இல் கட்டி முடித்த கோயில், 2011இல் பசிலிக்காவானது; திருத்தந்தை தரும் சிறப்புத் தகுதி அது. வாசலுக்கு மேலே லத்தீனில் பொறித்திருப்பது விவிலிய வசனமான 2 குறிப்பேடு 7:16. என் பெயர் என்றென்றும் விளங்க இந்த இல்லத்தைத் தேர்ந்துகொண்டேன் என்று, எருசலேமில் கோயில் கட்டிய அரசர் சாலமோனுக்கு ஆண்டவர் சொன்ன வாக்கு. அதை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் என் மனம் முந்தைய வசனத்துக்குப் போய்விடும். இவ்விடத்தில் எழும் மன்றாட்டுக்கு என் செவிகள் திறந்திருக்கும் என்கிறார் அதில். தம் பெயரைப் பற்றிச் சொல்லும் முன்பே காதைக் கொடுத்துவிட்டார்!

மாதத்தின் முதல் வெள்ளிப் பூசைக்காகக் கடலூரிலிருந்து அம்மாவுடன் போயிருந்தேன். பூசை முடிந்தும் முன்வரிசையில் ஒரு பாட்டி எழுந்திருக்கவில்லை. செபப்புத்தகம் எதுவும் கையில் இல்லை. மருமகள் கோபித்துக்கொண்டு போனது, பேரனின் காய்ச்சல், வாடகை பாக்கி என்று சுரூபத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை அவருக்கு. கேட்பவர் எழுந்து போய்விட மாட்டார் என்ற நிச்சயம் அந்தக் குரலில் இருந்தது. நம் வீடுகளில் யாருக்கு அந்த நிச்சயம் இருக்கிறது?

எனக்கு எம்மாவு சீடர்களின் நினைவு வந்தது; இயேசு சிலுவையில் இறந்தபின் எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இருவர். எருசலேமிலிருந்து எம்மாவு ஏறக்குறைய 11 கிலோமீட்டர்; பாண்டியிலிருந்து கடலூருக்குப் பாதி வழி என்று வைத்துக்கொள்ளலாம். சோர்ந்து நடந்தவர்களோடு உயிர்த்த ஆண்டவர் சேர்ந்துகொள்கிறார். சிலுவையில் தொங்கியவரே அவர்தான். ஆனாலும், என்ன நடந்தது என்று கேட்கிறார். எல்லாம் தெரிந்தவர், தெரியாதவர்போல் கேட்டு, அவர்கள் ஏமாற்றத்தை முழுக்கக் கொட்டவிடுகிறார். அதற்குப் பிறகுதான் கண்டிப்பு, மறைநூல் விளக்கம், அப்பம் பிட்பது எல்லாம். லூக்கா 24ஆம் அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தக் கேள்விதான். தெரிந்த கதை என்பதால் ஒருவரை இடைமறிக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. யாக்கோபு தம் திருமுகத்தில் கேட்பதில் வேகமும் பேசுவதில் தாமதமும் வேண்டும் என்கிறாரே, அதையும் இந்தப் பாதையில் வைத்தே நான் புரிந்துகொள்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில், அரியாங்குப்பம் தாண்டியதும், அம்மா தன் தம்பியைப் பற்றி ஆரம்பித்தாள். நிலத் தகராறில் பேச்சு நின்றுபோன கதை, எனக்கு மனப்பாடம். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "அப்புறம் மாமா என்னம்மா சொன்னாரு?" என்றேன். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வரை வழக்கமான கோபம். அதன் பிறகு நான் கேட்டிராத ஒன்று வந்தது: சின்ன வயதில் அம்மைபோட்டுப் படுத்திருந்தபோது, அந்தத் தம்பிதான் பக்கத்திலேயே இருந்து வேப்பிலையால் விசிறினானாம்.

"உன் போன்ல அவன் நம்பர் இருக்கா?" என்றாள்.