காணாமல் போன கடைசி நெடுவரிசை

இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் 17 நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணை. திரைக்கு ஏற்ப விரிந்து சுருங்க வேண்டிய, நான் எழுதிய வலைப்பக்கம். என் பெரிய திரையில் ஒழுங்காகத்தான் இருந்தது. விண்டோவைக் கொஞ்சம் குறுக்கியதும் மெனு நசுங்கி, மொத்தப் பக்கமும் பக்கவாட்டில் ஓட ஆரம்பித்தது.

அவசரத்தில் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், மொத்தப் பக்கத்தையும் குறிக்கும் 'பாடி'க்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிட்டன்' (பக்கவாட்டில் மிஞ்சுவதை மறை) என்று ஒரு வரி எழுதினேன். ஸ்க்ரோல் போனது. கூடவே 'மொத்தம்' என்ற கடைசி நெடுவரிசையும் போனது. கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்து கேட்டபோதுதான் எனக்கே அது தெரியும்.

சரி என்று அதை எடுத்துவிட்டு, அட்டவணையைச் சுற்றி 'டிவ்' என்ற வெற்றுப் பெட்டி ஒன்று போட்டு, அதற்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ' (மிஞ்சினால் ஸ்க்ரோல் கொடு) கொடுத்தேன். அட்டவணை மட்டும் உள்ளுக்குள் நகர வேண்டும். நகரவில்லை! வேடிக்கை என்னவென்றால், அப்போது நாங்கள் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த பழைய பிரவுசர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-இல் நகர்ந்தது; குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும்தான் அடம்.

அரை நாள் அந்த டிவ்வையே முறைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு ஒரு படி மேலே இருந்தது. மெனுவையும் அட்டவணையையும் அருகருகே வைக்க நான் போட்டிருந்தது 'ஃப்ளெக்ஸ்' என்ற வகைப் பெட்டி. அதற்குள் இருக்கும் உறுப்புக்கு 'மின்-விட்த்' (குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே 'ஆட்டோ'. அதாவது, உள்ளே இருப்பதன் குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே அது இறங்காது. அட்டவணைக் கட்டங்களுக்குள் வரி மடியாதபடி நானே 'நோ-ராப்' வேறு போட்டிருந்தேன். அந்தக் குறைந்தபட்சமே ஏகப்பட்ட அகலம். டிவ்வுக்கு வெளியே இருந்த பெட்டி அட்டவணை அளவுக்கு விரிந்துவிட்டதால், டிவ்வுக்கு நகர்த்த எதுவும் மிஞ்சவில்லை. அந்த 'ஆட்டோ' விதியே எக்ஸ்ப்ளோரர் 11-க்குத் தெரியாது, அதற்குப் பூஜ்யம்தான். அறியாமையால் தப்பித்தது.

வெளிப் பெட்டிக்கு 'மின்-விட்த்: 0' என்று எழுதியதும் எல்லாம் அடங்கியது. ஃப்ளெக்ஸுக்குப் பதில் 'கிரிட்' என்ற கட்ட அடுக்கு முறையைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான்: மீதி இடத்தில் ஒரு பங்கு என்னும் வெறும் '1எஃப்ஆர்' போதாது, குறைந்தபட்சம் பூஜ்யம் என்றும் சொல்லும் 'மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)' வேண்டும்.

அப்புறம் மேக்கில் பார்த்தவர்கள் மறுபடி 'மொத்தம் எங்கே?' என்றார்கள். டிராக்பேட் வைத்திருந்தால் அங்கே ஸ்க்ரோல்பார் நகர்த்தும்போது மட்டும்தான் தலைகாட்டும். ஓரத்தில் நிழல் போட்டுப் பார்த்தேன். சிலருக்குப் புரிந்தது, சிலருக்கு இல்லை. கடைசியில் 'மொத்தம்' நெடுவரிசையைப் பெயருக்கு அடுத்து, இரண்டாவதாக, கொண்டுவந்து வைத்தேன். மீதி 15 நெடுவரிசைகளைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.