கேமராவை எழுப்புவது உடல் சூடு

வெளிச்சுவரில் மாட்டிய பேட்டரி கேமரா நாளின் பெரும்பகுதி தூங்கிக்கொண்டுதான் இருக்கும். லென்ஸுக்குப் பக்கத்தில் பால்நிறக் குமிழ்போல் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரிகிறதல்லவா, அதற்குப் பின்னால் இருக்கும் பிஐஆர் சென்சார் (உடல் சூட்டை உணரும் சென்சார்) மட்டுமே விழித்திருக்கும். அது தட்டி எழுப்பினால்தான் கேமரா படம்பிடிக்கும், வைஃபையில் சேரும், அலாரம் ஹப்புக்கு (கேமராவையும் சென்சார்களையும் இணைக்கும் மையப் பெட்டி) செய்தி போகும். "ஆள் வந்து போயிருக்கிறான், ஒன்றுமே பதிவாகவில்லை" என்றால், கேமராவைக் குறை சொல்வதற்கு முன் அதை மாட்டிய கோணத்தைப் பாருங்கள்.

பிஐஆருக்குக் கண் கிடையாது. வெப்ப வேறுபாடு மட்டுமே அதற்குத் தெரியும். அந்த மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்பக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரெனல் லென்ஸ், அதாவது சூட்டைக் குவிக்கும் தட்டையான லென்ஸ். ஒவ்வொன்றும் முற்றத்தில் ஒரு பட்டையைப் பார்க்கிறது. உடல் சூடு ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குத் தாண்டும்போதுதான் சென்சாரில் மின்சைகை எழும். அதனால் குறுக்கே நடப்பவர் உடனே மாட்டுவார். கேமராவை நோக்கி நேராக வருபவரோ ஒரே பட்டைக்குள்ளேயே நடந்து, மிக அருகில் வந்தபிறகே சிக்குவார். ஆகவே கேட்டுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். நடைபாதைக்குப் பக்கவாட்டில், வருபவர் படத்தைக் குறுக்கே கடக்கும்படி வையுங்கள். கேமரா மாட்டுவதில் பாதி வேலை இதுதான்.

உயரம் 2 முதல் 2.5 மீட்டர் போதும், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து. கைக்கு எட்டக் கூடாதென்று 4 மீட்டரில் மாட்டினால் தலை உச்சியும் தொப்பியும்தான் பதிவாகும். அதோடு காலடியில் பிஐஆர் பார்க்காத பகுதியும் பெரிதாகிவிடும்.

பொய் அலாரத்துக்கும் இதே வெப்பம்தான் காரணம். ஏசி வெளி யூனிட்டின் சூடான காற்று, அப்போதுதான் நிறுத்திய வண்டியின் பானெட், வெயிலில் காய்ந்து காற்றில் ஆடும் செடி எல்லாமே சென்சாரை ஏமாற்றும். நேர்மாறான சிக்கலும் உண்டு. கடும் வெயிலில் சுவரும் தரையும் உடல் தோலின் சூட்டை நெருங்கிவிட்டால் ஆளுக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் குறைந்து, நடமாட்டம் தவறிப்போகும். நண்பகலில் மட்டும் கேமரா மந்தமாகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கண்ணாடி வழியாக வெளியே பார்க்க வைப்பது வீண் வேலை. உடலிலிருந்து வரும் அந்த அகச்சிவப்பு அலைகளைக் கண்ணாடி விடாது. இரவில் கேமராவின் சொந்த விளக்கே கண்ணாடியில் பட்டுத் திரும்பி படத்தை வெளுக்கடிக்கும்.

பிஐஆர் தட்டியதும் பதிவு தொடங்க ஒன்றிரண்டு விநாடி ஆகும் மாடல்கள் நிறைய. சாதாரணமாக நடப்பவர் விநாடிக்கு சுமார் 1.4 மீட்டர் போவார். இரண்டு விநாடியில் 3 மீட்டர் போய்விடும். சென்சாரில் சிக்கிய பிறகும் அவர் இன்னும் 4, 5 மீட்டர் படத்துக்குள் நடக்க வேண்டியிருக்கும்படி கோணம் வையுங்கள். இல்லாவிட்டால் கிளிப் முழுக்க முதுகுதான். ஒரு கிளிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆப்பில் வைத்திருக்கும் ஓய்வு நேரத்தையும் பாருங்கள். அது 60 விநாடி என்றால், பூனை எழுப்பிய கேமரா அதன் பின்னால் வந்த ஆளைப் பார்க்காது.

முகம் தெரியுமா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன்பின் அறியாதவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்பு கேமராத் துறையின் அளவுகோல். 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். 110 டிகிரி பார்வைக் கோணம் உள்ள கேமராவில் அந்த அடர்த்தி 2.7 மீட்டர் தூரம் வரைதான் கிடைக்கும். தெரிந்தவரை இன்னாரென்று சொல்ல 125 பிக்சல் போதும், அதுவும் 5.4 மீட்டரோடு முடிந்தது. பெட்டியில் எழுதியிருக்கும் 10 மீட்டர் 'கண்டறியும் தூரம்' பிஐஆருடையது, முகத்துக்கானது அல்ல. அகலக் கோணம் விற்பனைக்கு அழகு. முகம் வேண்டுமென்றால் குறுகிய கோணமே நல்லது. இரவில் இதுவும் கிடைக்காது. ஷட்டர் 1/15 விநாடிக்கு இறங்கினால் அதற்குள் ஆள் 9 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார், முகம் கரைந்துபோகும். ஒரு சாதாரண வாசல் விளக்கு எரிந்தாலே படம் கணிசமாகத் தெளியும்.

வைஃபை சிக்னலை, துளை போடும் முன், மாட்டப்போகும் இடத்திலேயே கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள், எண் பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 65 டிபிஎம்முக்குள் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 75-க்கும் கீழே போனால் கிளிப் பாதியில் அறுபடும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். தவறிய தரவை கேமரா திரும்பத் திரும்ப அனுப்புவதுதான் காரணம். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் தகரக் கதவும் சிக்னலுக்குப் பெரிய எதிரி. இதுபோன்ற இடங்களில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தூரம் தாங்கும்.

இனி அலாரத்தோடு இணைப்பது. வெளிக்கேமராவின் அசைவை நேரடியாக சைரனுக்குக் கொடுக்காதீர்கள். நாலு நாள் நாயும் பூனையும் அலற வைத்தால் ஐந்தாம் நாள் வீட்டாரே சிஸ்டத்தை அணைத்துவிடுவார்கள். கேமராவுக்கு நோட்டிஃபிகேஷனும் வெளிவிளக்கும் போதும். சைரன் வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனை வையுங்கள்: கேமராவில் அசைவு வந்து, அடுத்த 60 விநாடிக்குள் கதவு சென்சாரும் திறந்தால் மட்டும். வெளியே போகும்போதான முறை, உள்ளே இருக்கும்போதான முறை, இரண்டிலும் இந்த விதியைத் தனித்தனியாகச் சோதியுங்கள். ஹப்புக்குள் பேட்டரி இருக்கும், ரவுட்டருக்கு இருக்காது. கரன்ட் போனால் கேமரா விழித்தும் செய்தி போகாது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுவிடுங்கள். வைஃபையை ஜாமர் (சிக்னலைத் தடுக்கும் கருவி) போட்டு முடக்கவும் முடியும் என்பதால், கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டில் பதிவாகும் வசதி இருப்பதைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

பேட்டரிக் கணக்கை நீங்களே போடலாம். பதிவின்போது 400 மில்லிஆம்ப் இழுக்கிறது, கிளிப் 20 விநாடி என்று வையுங்கள். ஒரு கிளிப்புக்கு சுமார் 2.2 எம்ஏஹெச் (மில்லிஆம்ப்-மணி, பேட்டரிக் கொள்ளளவின் அலகு). நாளுக்கு 50 கிளிப் என்றால் 110. 5200 எம்ஏஹெச் பேட்டரி சுமார் ஒன்றரை மாதம்தான் நிற்கும். தெருவில் போகிறவர்களை, ஆப்பில் குறிக்கும் அசைவு மண்டலத்திலிருந்து வெட்டினால் பேட்டரி கூடுதலாக நிற்கும் என்று நினைப்பார்கள். அந்த வெட்டு மென்பொருளில் நடந்தால் கேமரா ஏற்கெனவே எழுந்துவிட்டிருக்கும், மிச்சம் கொஞ்சம்தான். பிஐஆரின் பார்வையையே தெருவிலிருந்து திருப்புவதுதான் வழி. உறைபனிக் குளிரில் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறாது. சோலார் பேனல் இருந்தும் பயனில்லை.

இரவில் கேமராப் பக்கம் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஒற்றை இழை ஆடினாலே அகச்சிவப்பு விளக்கில் அது படத்தில் வெள்ளைக் கயிறு போலத் தெரியும். மாதம் ஒருமுறை மென்மையான துணியால் லென்ஸையும் பிஐஆர் மூடியையும் துடையுங்கள். அப்படியே ஒருவரை நடைபாதையில் நடக்கவிட்டு, எந்த இடத்தில் பதிவு தொடங்குகிறது என்று ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.