ஏனம்மணி, ஊசி போடலீங்களா?

பல்லடம் பக்கம் ஒரு சின்னக் குழந்தைகள் மருத்துவமனையில் செவிலியராக 24 வருடங்களை ஓட்டிவிட்டேன். சுற்றிலும் விசைத்தறி, நூல் மில், கோழிப்பண்ணை. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கினால் புழுதி வேறு. இருந்தாலும் பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பைக் கிளப்புவது பெரும்பாலும் சாதாரணச் சளிதான். பழியைப் பஞ்சுத்தூசி வாங்கிக்கொள்ளும்.

நான் சேர்ந்த புதிதில், மூச்சிரைக்க ஒரு குழந்தை வந்தால் டிரிப், அதில் மூச்சுக்குழாயை விரிக்கும் அமினோபிலின், எக்ஸ்ரே, ஆன்டிபயாட்டிக், மூன்று நாள் அட்மிஷன். எல்லாம் மனப்பாடம். அமினோபிலினில் குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். ஒரு ராத்திரி நான் போட்ட டிரிப் வேகமாக ஓடிவிட்டது. ஐந்து வயதுப் பையன் வாந்தியாக எடுத்தான். நெஞ்சில் கை வைத்தால் கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி படபடவென்று அடித்தது. டாக்டர் ஓடிவந்து நிறுத்தினார். பையன் தேறிவிட்டான். நான்தான் விடியும்வரை அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

அப்புறம் மருந்தை ஆவிபோல் மாற்றி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் வந்தது. ஊரில் அதற்குப் பெயர் 'புகை'. பக்கத்துத் தெருவுக்குப் போய்வருவதுபோல, "புகை வெச்சுட்டுப் போலாமுங்க" என்று வருவார்கள்.

2020இல் கொரோனா வந்தபோது, அந்த ஆவியோடு கிருமியும் பரவுமோ என்ற பயத்தில் மெஷினை ஓரங்கட்டினோம். இன்ஹேலரும், அதில் மாட்டி மாஸ்க் வழியே மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் குழாயும் கைக்கு வந்தன. குலுக்கி, ஒரு பஃப் அடித்து, குழந்தை ஐந்தாறு மூச்சு இழுக்க வேண்டும். மறுபடி குலுக்கி அடுத்த பஃப். முதல் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, நான்கு முதல் பத்து பஃப் வரை. கடுமையாக இல்லாத இரைப்புக்கு இது நெபுலைசருக்கு இளைத்ததல்ல என்று ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. எங்கள் வார்டுக்கு அது வந்துசேரத்தான் ஒரு கொள்ளைநோய் தேவைப்பட்டது. ஸ்டீராய்டும் இப்போது வாய்வழி பிரெட்னிசோலோன்தான், மூன்று முதல் ஐந்து நாள். நிலைமை மோசமானால் ஆக்சிஜன், மூச்சுக்குழாயைத் தளர்த்த இப்ராட்ரோபியம், நரம்பு வழியே மக்னீசியம் சல்பேட். அமினோபிலினை எடுத்து ரொம்ப நாளாகிறது.

போன ஆடியில் ஒரு பாட்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று சுற்று பஃப் முடிந்து, ஆக்சிஜன் அளவு 97க்கு ஏறி, பிள்ளை பன் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பாட்டிக்குத் திருப்தியில்லை.

"ஏனம்மணி, ஊசி போடலீங்களா? வெறும் டப்பாவக் குடுத்து அனுப்பறீங்க?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊசிதான் வைத்தியம் என்று இத்தனை வருடமாகப் பழக்கிவிட்டது நாங்கள்தானே. உட்காரவைத்துச் சொன்னேன்: விலா எலும்பு உள்ளே குழிந்தாலோ, பேச்சு திணறினாலோ உடனே வந்துவிட வேண்டும். திணறல் இருக்கும்போதே விசில் சத்தம் மட்டும் அடங்கினால் அது இன்னும் ஆபத்து. காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

"செரி, நானே ஒருக்கா அடிக்கறேன், பாருங்க" என்று பாட்டி ஸ்பேசரை வாங்கி, பேத்தி முகத்தில் பொருத்தினார். அவள் மாஸ்க்கைத் தள்ளிவிட்டாள்.

"அம்மிச்சி, நீ இன்னும் குலுக்கவே இல்ல."