மாத்திரையும் மூக்குக் கண்ணாடியும் செஸ்னாவும்

ஆந்திராவில் இருக்கும் குப்பம் என்ற ஊரில் 26 வருடம் கிரானைட் அறுக்கும் பட்டறை நடத்தினேன். மகனிடம் அதை ஒப்படைத்தபோது எனக்கு 60 வயது. சின்ன விமானம் ஒன்றை என் கையால் ஓட்ட வேண்டும் என்ற ஆசை பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. ரயில் ஏறினால் பெங்களூரு, அங்கே ஜக்கூரில் விமானத் தளம். பிபிஎல் என்கிற தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது நிரம்பியிருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. உடம்பு தேற வேண்டும், அவ்வளவுதான். அதில்தான் எனக்கு மாதக்கணக்கில் போனது.

தனியாகப் பறக்க மாணவர் உரிமம் வேண்டும். அதற்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். விமானத் துறையை மேற்பார்க்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்தான் அதைத் தர முடியும். நான் நான்கு வருடமாக இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவன். "ரெண்டு நாள் மாத்திரைய நிறுத்திட்டுப் போ, யாருக்குத் தெரியப்போகுது" என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மையைச் சொன்னால், ஒரு ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் என் மனைவி, "ஏங்க, மேல போனப்புறம் மயக்கம் வந்தா அந்த நண்பரா வந்து பிடிப்பாரு?" என்று கேட்டாள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போனேன்.

அவர் மறுக்கவில்லை. எக்கோ, டிரெட்மில், சிறுநீரகப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் காலையும் மாலையும் அழுத்தத்தை அளந்து நோட்டில் எழுதி வரச் சொன்னார். எழுதினேன். இதயமும் சிறுநீரகமும் சிக்கல் இல்லாமல் தேறின.

எனக்குப் பயம் காதைப் பற்றித்தான். கல் அறுக்கும் சத்தத்திலேயே வாழ்ந்தவனுக்குக் காது எப்படி இருக்கும்? காதுச் சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் அடி விழுமாம். ஆனால் மனிதப் பேச்சுக்கு முக்கியமான 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் கோடு நன்றாகவே நின்றது. அப்புறம் மருத்துவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டு மீட்டர் பின்னால் நின்று சாதாரணக் குரலில் பேசினார். ஊர் குப்பம் என்று விண்ணப்பத்தில் பார்த்திருப்பார் போல, தெலுங்கில் ஆரம்பித்தார். நான் தமிழில் பதில் சொன்னேன், அவரும் தமிழுக்கு மாறினார். சான்று கிடைத்தது. பார்வைக்கு மட்டும் ஒரு நிபந்தனை: கண்ணாடி போட்டே பறக்க வேண்டும், மாற்றுக் கண்ணாடி ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

அந்தக் கண்ணாடியே பிறகு என்னைப் படுத்தியது. நான் பழகிய சின்ன விமானம் செஸ்னா 152. அதில் இறங்கும்போது ஓடுபாதை நெருங்கியதும் விமானத்தின் மூக்கைத் தூக்கி, மிச்சமிருக்கும் வேகத்தைக் கரைக்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. விமானம் துள்ளித் துள்ளி உட்கார்ந்தது. ஒன்பது மணி நேரப் பயிற்சிக்கு அப்புறம்தான் காரணம் புரிந்தது. நான் போட்டிருந்தது ப்ரோக்ரெசிவ் கண்ணாடி. அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது, ஓடுபாதையின் ஓரம் அதன் வழியாக மங்கலாகத் தெரிந்தது. படிக்கும் பகுதி நன்றாகக் கீழே தள்ளி இருக்கும்படி கோடு போட்ட பைஃபோகல் செய்து போட்டேன். அடுத்த வாரமே சக்கரம் பதமாகத் தொட்டது. என் வயதில் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கைகளைக் குறை சொல்லும் முன் கண்ணாடியைப் பாருங்கள்.

வெயிலும் ஒரு பாடம் நடத்தியது. ஜக்கூர் ஏற்கெனவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. 32 டிகிரி வெயிலில் அங்கே காற்று லேசாகி, 5500 அடிக்கும் மேலே இருப்பது போல இன்ஜின் இழுக்கும். 110 குதிரைத்திறன்தான், தரையை விட்டு எழும்ப நேரம் எடுக்கும். அதனால் முந்தின நாள் ராத்திரியே ஹெப்பாளில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து தங்கி, விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

ஒரு காலை, மூன்று சுற்று முடிந்ததும் ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கினார். என் மகன் வயசுப் பையன். "ஹோகி பன்னி சார்" என்றார் கன்னடத்தில், போய்விட்டு வாங்க என்று. பக்கத்து இருக்கை காலி. அவர் எடை இல்லாததால் விமானம் நான் எதிர்பார்த்ததற்கு முன்பே எழும்பி, விறுவிறுவென்று ஏறியது. ரேடியோவில் என் குரல் எனக்கே கேட்டது, நடுக்கமில்லை. இறங்கி ஓடுபாதையை விட்டு விலகிய பிறகுதான் கண் கலங்கியது.

இப்போது 23 மணி நேரம் ஆகியிருக்கிறது. உரிமத்துக்கு 40 வேண்டும். அதில் 150 கடல் மைல் நீளத்துக்குத் தனியாகப் போகும் பயணம் ஒன்றும் உண்டு. போன வாரம் ஆசிரியருடன் கிழக்கே போனபோது கோலார் தங்கவயலின் சயனைடு மண்மேடுகள் தெரிந்தன. அதற்கு அந்தப் பக்கம்தான் எங்கள் ஊர்.

மருத்துவச் சான்றை ஒரு வருடத்தில் புதுப்பிக்க வேண்டும், எனக்குத் தை மாதம் முடிகிறது. நோட்டை மறுபடி எடுத்துவிட்டேன். இன்று காலை 128/80.