பழைய பிரெஞ்சை வாய்விட்டுப் படியுங்கள்

பிரெஞ்சு எம்.ஏ.வில் 16ஆம் நூற்றாண்டு இலக்கியத் தாள் எடுத்திருப்பவர்கள் முதலில் அகராதியை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். கண்ணுக்கு அந்நியமாக இருக்கும் பல சொற்கள் காதில் விழுந்ததும் தெரிந்த சொற்களாகிவிடும்.

இதை நான் பிடித்தது கிளாடியஸ் ஹாலிபேண்டின் பாடநூல்களில். இயற்பெயர் குளோத் த சேன்லியேன். பிரான்சிலிருந்து லண்டனுக்கு அகதியாகப் போன புரோட்டஸ்டன்ட், செயின்ட் பால் தேவாலய வளாகத்தில் பள்ளி வைத்து ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். 1570களில் வந்த அவருடைய 'பிரெஞ்சு லிட்டில்டன்' நூலில், உச்சரிக்கக் கூடாத எழுத்துகளுக்குக் கீழே சின்னதாக ஒரு சிலுவைக் குறி இருக்கும். அதே காலத்துக்குச் சற்று முன் லூயி மெக்ரே என்ற பிரெஞ்சு இலக்கணக்காரர் எழுத்துகளையே ஒலிக்கு ஏற்ப மாற்றப் பார்த்தார், அது எடுபடவில்லை. ஹாலிபேண்ட் எழுத்தைத் தொடாமல் குறி மட்டும் போட்டார், படிக்கிறவனுக்கு இதுதான் உதவி.

நீங்களும் ஜெராக்ஸ் பிரதியில் பென்சிலால் அதையே செய்யுங்கள். பெரிய தொல்லை 'எஸ்'. பள்ளி என்று பொருள்படும் 'எகோல்' அப்போது இ-எஸ்-சி-ஓ-எல்-இ, அதில் எஸ் ஒலிக்காது. ஆனால் மனம் என்று பொருள்படும் 'எஸ்ப்ரி'யில் ஒலிக்கும். இன்றைய எழுத்தில் உயிரெழுத்தின் மேல் தொப்பிக் குறியோ, சொல் முதலில் சாய்குறி போட்ட 'இ'யோ வந்து எஸ் காணாமல் போயிருந்தால், பெரும்பாலும் பழைய எஸ் ஊமைதான், குறி போடுங்கள். 1740இல் பிரெஞ்சு மொழிக்கு விதி வகுக்கும் பிரெஞ்சு அகாடமியின் அகராதி அந்த எஸ்களை நீக்கும்வரை இப்படித்தான். அப்புறம் யு-வும் வி-யும் இடம் மாறி அச்சாகியிருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். ராஜாவைக் குறிக்கும் 'ர்வா' அன்று 'ர்வெ'. கனடாவின் கியூபெக் பேச்சில் 'ம்வா' (நான்), 'த்வா' (நீ) இரண்டையும் 'ம்வெ', 'த்வெ' என்று இன்னும் கேட்கலாம், கவிதையில் அடி முடிவின் இயைபு பார்க்கும்போது இது அவசியம்.

வாசிப்புப் பயிற்சிக்குப் பழமொழிகளை எடுங்கள். 'இரும்பைச் சூட்டோடு அடிக்க வேண்டும்' என்பதன் பழைய வடிவில் 'வேண்டும்' என்ற சொல் எஃப்-ஏ-யு-எல்-டி, ஒலிக்காத அந்த எல் மேல் நாக்கு தடுக்கும், இரண்டாம் முறை தடுக்காது. ஒரே மூச்சில் முடிகிற வாக்கியம், பொருளும் முன்பே தெரியும், அதனால் கவனம் முழுக்க ஒலியில் நிற்கும். கோட்கிரேவின் 1611 பிரெஞ்சு-ஆங்கில அகராதியில் பழமொழிகள் அந்தந்தச் சொல்லுக்கு அடியிலேயே கிடக்கின்றன. 'சா' என்று பூனையைத் தேடிப்போனால் பூனைப் பழமொழிகள் வரிசையாக வரும். ஸ்கேன் பிரதி இணையத்தில் இலவசம்.