கையால் தொழில் கற்றவர்களுக்கு ஒரு சான்றிதழ்

ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காமல், கட்டடத்திலேயே சுவரைக் கொத்திக் குழாய் பதித்துத் தொழில் கற்றுக்கொண்டவர்களுள் நானும் ஒருவன். திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு வயரிங் வேலை செய்துவரும் எனக்குச் சென்ற ஆண்டு மின்கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. உடன் வேலை செய்யும் தம்பிகள் பலர், "இத்தனை வருஷம் இது இல்லாமத்தானே வேலை பாத்தீங்க, இனிமே எதுக்குண்ணே?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு வேலைக்கு இடையில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதைத் தவிர, ஒரு கட்டடத்தின் மின்னமைப்பில் புதிதாக எதைச் சேர்த்தாலும் மாற்றினாலும் அந்த வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் கண்காணிக்க வேண்டும். வேலை செய்கிறவரிடமும் அரசு வழங்கிய அல்லது அரசு ஏற்றுக்கொண்ட அனுமதிச் சான்று இருக்க வேண்டும். இது 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதியாக இருந்து, மத்திய மின்சார ஆணையம் 2010இலும் பின்னர் 2023இலும் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் தொடர்ந்து வருகிறது. நடைமுறையிலோ வேலை செய்கிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர். அந்த வீட்டை ஒரு முறைகூடப் பார்க்காதவரின் முத்திரையோடு சோதனை அறிக்கை போய்ச் சேர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டுக்காரருக்கு இதனால் நேரும் ஆபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வேலை செய்த தொழிலாளி எந்த ஏட்டிலும் இல்லாதவராகிவிடுகிறார் என்பதும், விபத்து நேர்ந்தால் 'இவர் யார்?' என்ற கேள்விக்கு அவரிடம் எந்தப் பதிலும் இருக்காது என்பதும் எனக்கு அதே அளவு முக்கியமாகப் படுகின்றன.

தமிழ்நாட்டில் மேற்பார்வையாளர், மின்கம்பியாள், மின்கம்பியாள் உதவியாளர் ஆகிய மூன்று நிலைகளுக்கும் தகுதிச் சான்று தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். அதன் அலுவலகம் சென்னை கிண்டியில் திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. உதவியாளர் நிலைக்கான தகுதிகாண் தேர்வை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்துகிறது. இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும். வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். வயதுக்கு மேல் வரம்பு கிடையாது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டுவிட்டு இத்தொழிலுக்கு வந்த எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்திருக்கும் முதல் கதவு இதுதான்.

ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் பலர் தடுக்கி விழுவது அனுபவச் சான்றில்தான். நான் நெடுநாள் வேலை செய்த ஒப்பந்ததாரர் ஒருவரிடம் கேட்டபோது, சான்று கொடுத்தால் பின்னால் வைப்புநிதி, காப்பீடு என்று ஏதாவது கேட்டு வருவேன் என்று அஞ்சினாரோ என்னவோ, "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லியே காலம் கடத்தினார். கடைசியில், என் வேலையை நேரில் பார்த்து வந்த வேறொருவர் மனமுவந்து எழுதிக் கொடுத்தார். இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரிடம் வேலையை முடித்து விலகும்போதே, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை எங்கே என்ன வேலை செய்தோம் என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டால், கொடுக்க மனமிருப்பவர்கூட ஊரில் இல்லாமல் போகலாம்.

இனித் தேர்வுக்கு வருகிறேன். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை மாடிப்படி வயரிங், அதாவது கீழே ஒரு டூ-வே சுவிட்சும் மேலே ஒரு டூ-வே சுவிட்சும் வைத்து ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்தும் எரியவும் அணையவும் செய்வது. தொழிலில் இருப்பவர் எவருக்கும் இது கைவந்த வேலை. விளக்கு எரிந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். தேர்வாளர் எரிந்த விளக்கைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் கம்பியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். திருகுக்கு வெளியே செம்பு தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு, "சுவிட்ச் ஏன் ஃபேஸ்ல வருது, நியூட்ரல்ல வெச்சாலும் விளக்கு அணையத்தானே செய்யும், தம்பி?" என்று கேட்டார். ஃபேஸ் என்பது மின்சாரம் வரும் கம்பி, நியூட்ரல் அது திரும்பிப் போகும் கம்பி. நியூட்ரலில் சுவிட்ச் வைத்தால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் அப்படியே நிற்கும். பல்பு மாற்றக் கை வைக்கிறவர் அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு கை வைப்பார். இதைச் சொன்ன பிறகுதான் அவர் அடுத்த பலகைக்குப் போனார்.

அடுத்துக் கேட்டது மெகர் பற்றி. வயரிங்கின் காப்புத் தடையை, அதாவது கம்பியின் மேலுறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதை, 500 வோல்ட் மெகர் என்னும் கருவி கொண்டு அளக்கும்போது மெயினை அணைத்து, விளக்குகளைக் கழற்றி, சாதனங்களைப் பிரித்து, சுவிட்சுகளைப் போட்ட நிலையில் வைத்து, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், இரண்டையும் சேர்த்து எர்த்துக்கும் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் கம்பிக்கும்) இடையிலும் பார்க்க வேண்டும். அளவு ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. பூச்சு ஈரம் காயாத புதுச் சுவரிலும், குழாய்க்குள் இழுக்கும்போது தோல் உரிந்துபோன கம்பியிலும் இந்த அளவு இறங்கிவிடும். அதை டெஸ்டர் காட்டாது. சட்டைப் பையில் செருகியிருக்கும் டெஸ்டர் ஒளிர்ந்தால் அந்த இடத்தில் ஃபேஸ் வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. ஆனாலும் நம்மில் பலர் அந்த ஒன்றை மட்டும் நம்பி ஒரு வீட்டையே ஒப்படைத்துவிட்டுப் போகிறோம்.

எர்த் விஷயத்தை நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் மூன்று முனை பிளக் பாயிண்டைத் திறந்தால், எர்த் முனையிலிருந்து ஒரு சிறு கம்பியை எடுத்து நியூட்ரலிலேயே முடிந்து வைத்திருப்பதை அடிக்கடி காணலாம். சோதனைக்கு வைத்திருக்கும் சீரிஸ் விளக்கை ஃபேஸுக்கும் அந்த எர்த் முனைக்கும் இடையில் வைத்துப் பார்த்தால் நன்றாகவே எரியும் என்பதால், வேலை சரியாக இருப்பது போலவே தோன்றும். என்றைக்காவது நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், அந்தக் கம்பி வழியாகவே ஃபிரிட்ஜின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். அத்தகைய வீட்டில் உண்மையான எர்த் கம்பியும் அந்த முனையில் சேர்ந்திருந்தால், மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்தினால் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதைத்தான் அந்தக் கருவி கவனிக்கிறது. நியூட்ரலும் எர்த்தும் உள்ளே ஒட்டியிருந்தால் ஒரு பகுதி வேறு வழியில் போய்விடும், கணக்கு இடிக்கும். வீட்டுக்காரர் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணி, அதைத் தாண்டி நேராக இணைக்கச் சொல்வார். அப்படி இணைத்துக் கொடுப்பவர் உயிர் காக்கும் ஒன்றை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிடுகிறார். காரணத்தைத் தெரிந்தவர் மட்டுமே அந்த இடத்தில் "மாட்டேன்" என்று சொல்லி, ஒவ்வொரு பாயிண்டாகத் திறந்து ஒட்டியிருக்கும் இடத்தைத் தேடுவார். தேர்வுக்காகப் படித்த நாட்களில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் இந்தக் காரணங்கள்தான். கையால் ஏற்கெனவே செய்துவந்த வேலை அவற்றால் தெளிவு பெற்றது.

சான்றிதழ் வந்ததும் கூலி உடனே உயர்ந்துவிடவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் தம் ஆட்கள் பட்டியலில் என் பெயரை எழுத முடிகிறது. முன்பு என்னை வாசலிலேயே நிறுத்திய தொழிற்கூட வேலைகளுக்கு இப்போது அழைக்கிறார்கள். அடுத்து மின்கம்பியாள் சான்றுக்கு முயல்வதாக இருக்கிறேன்.

விண்ணப்பிக்க விரும்பும் தம்பிகள் பயிற்சித் துறையின் இணையதளத்தில் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். நாளிதழ்களிலும் மாவட்டச் செய்தியாக வரும். அனுபவச் சான்றையும் வயதுச் சான்றையும் அறிவிப்பு வருவதற்கு முன்பே தயாராக வைத்திருங்கள், வந்த பிறகு கிடைக்கும் கால அவகாசம் போதாது. பழைய பலகை ஒன்றில் மாடிப்படி வயரிங், டியூப்லைட் இணைப்பு, சீரிஸ் விளக்கு ஆகியவற்றை வரைபடத்தோடு போட்டுப் பழகுங்கள். படம் வரையக் கை கூசுகிறவர்கள் என்னிடம் வரலாம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.