சில்லுப் பூட்டியபின் 50 கிலோமீட்டர்

மட்டக்களப்பு, கல்லடியில் மாமா வான் (வேன்) ஓடுகிறவர். சில்லு மாற்றினால், கடைசியில் ஸ்பானர் மேல் ஏறி நின்று ஓர் அமத்து அமத்துவார். "இனி ஆனை இழுத்தாலும் கழலாது" என்பார். இங்கிலாந்து வந்தும் பல வருடம் நானும் அப்படித்தான் பூட்டினேன்.

பிறகு பழைய கரவன் ஒன்று வாங்கினோம், காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற வீடு. பிள்ளைகளோடு வேல்ஸ் போகும் வழியில் தேநீருக்கு நிறுத்தியபோது சின்ன மகள் குனிந்து பார்த்து, "அப்பா, இதில ஒரு போல்ட்டைக் காணேல்ல" என்றாள். மற்றவற்றைத் தொட்டேன். இரண்டு, விரலாலேயே சுற்றின. முந்தின நாள் நானே பூட்டிய இடப்பக்கச் சில்லு. அங்கே கரவன்களில் கழன்று போவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். காரில் சில்லு தளர்ந்தால் ஸ்டியரிங் நடுங்கிக் காட்டிக்கொடுக்கும். கரவனுக்குள் யாரும் இல்லை. முன்னால் இருக்கிற நமக்கு ஒன்றும் தெரியாது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சொல்லித் தந்தார். போல்ட் இறுகும்போது மயிரளவு நீளும். அந்த இழுவைதான் சில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏறி மிதித்தால் அளவுக்கு மிஞ்சி நீண்டு, பிடி போய்விடும். சில்லு உட்காரும் முகத்தில் துருவோ பெயின்ரோ இருந்தால் ஓட ஓட நசுங்கி, இறுக்கம் குறையும். அதனால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்க வேண்டும். ஜாக்கை இறக்கியபின், வண்டியின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ச்சை, அதாவது வைத்த இறுக்கம் வந்ததும் சத்தம் போடுகிற ஸ்பானரை, வைத்து இறுக்கி, 'கிளிக்' கேட்டதும் நிறுத்த வேண்டும். இரும்புச் சில்லின் போல்ட் அலோய் சில்லுக்குப் பொருந்தும் என்று நம்பக்கூடாது. பிறகு சுமார் 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தரம் திரும்பப் பார்க்க வேண்டும். நான் விட்டது இதைத்தான்.

இந்த முறை ஊருக்குப் போகும்போது அந்த ரென்ச்சையும் பெட்டிக்குள் வைத்தேன். பொத்துவில் பயணத்துக்கு முதல் மாமாவின் வானுக்கு இரண்டு ரயர் மாற்றினோம்.

"இதென்ன மருமகன், டொக்டர்ர சாமான் மாதிரி?"

காத்தான்குடி, களுவாஞ்சிகுடி தாண்டி, கல்முனையில் நிறுத்தச் சொன்னேன். மாமாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தினார். மூன்றாவது நட் கால் சுற்றுச் சுற்றியபின்தான் 'கிளிக்' என்றது. மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, என் கையிலிருந்து ரென்ச்சை வாங்கி, மற்றச் சில்லுக்கு நகர்ந்தார்.